நான்கு சுவருக்குள் தரம்: வீட்டுப் பராமரிப்பை மதிப்பிடும் முயற்சிகள்

நோயாளியின் சொந்த வீட்டில் நடக்கும் பராமரிப்பு நன்றாக இருக்கிறதா, ஆபத்தில்லாமல் இருக்கிறதா என்று வெளியில் இருப்பவர் எப்படித் தெரிந்துகொள்வது? ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இதற்குப் பதில் சொல்லி வருகிறார்கள். புதிய பதில் வந்ததும் பழையது ஒதுங்கவில்லை. மேற்பார்வையாளர் வருகை, உரிமம், மதிப்பெண் தாள், நட்சத்திரக் குறியீடு, செல்பேசி வழியே இருப்பிடப் பதிவு என்று அடுக்கடுக்காகச் சேர்ந்துகொண்டே போயிருக்கின்றன. இந்த அடுக்குகளில் பெரும்பாலானவை மருத்துவமனையின் வார்டைப் பார்க்கப் பழகிய கண்ணால் வீட்டைப் பார்த்தவை. சிக்கல்களில் பல அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

வீட்டுப் பராமரிப்பில் இரண்டு வேறு வேலைகள் கலந்திருக்கின்றன. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது, மூக்கு வழியே உணவுக் குழாய் மாற்றுவது போன்ற செவிலியப் பணி ஒன்று. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப்போவது என்ற அன்றாடத் துணை இன்னொன்று. முதல் வேலையை ஓரளவு அளக்க முடிகிறது. இரண்டாவதை அளக்கும் கலை இன்னும் தொடக்க நிலையில்தான் இருக்கிறது. முதியோருக்குத் தேவைப்படுவதோ பெரும்பாலும் இரண்டாவது.

பயிற்சியும் மேற்பார்வையும்

1859இல் லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போன், தம் மனைவியின் இறுதிக் காலத்தில் வீட்டுக்கு வந்து கவனித்த மேரி ராபின்சன் என்ற செவிலியரையே நகரின் ஏழைக் குடும்பங்களுக்கு அனுப்பினார். புளோரன்ஸ் நைட்டிங்கேலின் ஆலோசனையோடு அங்கே பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1887இல் விக்டோரியா அரசியின் ஆட்சிப் பொன்விழா நிதியைக் கொண்டு நாடு தழுவிய வட்டாரச் செவிலியர் நிறுவனம் உருவாயிற்று. அதன் செவிலியர்களை மூத்த செவிலியர்கள் நேரில் போய் ஆய்வு செய்தார்கள். நியூயார்க்கில் 1893இல் லில்லியன் வால்ட் தொடங்கிய பணி ஒரு படி மேலே போய், செவிலியர்கள் தாங்கள் பணிபுரியும் பகுதியிலேயே குடியிருக்க வேண்டும் என்றது.

தரம் என்பது வேலை செய்பவரின் பயிற்சியிலும் குணத்திலும் இருக்கிறது, அதை அதே தொழிலில் தேர்ந்தவர் பார்த்தால் கண்டுகொள்வார் என்பதே இந்த முதல் பதிலின் சாரம். எளிமையானது, இன்றும் வலுவானது. ஆனால் செவிலியர் எண்ணிக்கை ஆயிரங்களைத் தாண்டும்போது இது தாக்குப்பிடிப்பதில்லை. இன்னொரு குறையும் உண்டு. ஏழை வீட்டுக்குள் நுழைந்த ஆய்வுக் கண், பராமரிப்போடு அந்த வீட்டின் சுத்தத்தையும் ஒழுங்கையும் சேர்த்தே எடைபோட்டது.

டோனபீடியனின் மூன்று கதவுகள்

1966இல், பெய்ரூட்டில் பிறந்த அவெடிஸ் டோனபீடியன், மில்பேங்க் நினைவு நிதியின் காலாண்டிதழில் எழுதிய கட்டுரை இத்துறையின் மொழியையே மாற்றியது. தரத்தை மூன்று வழியில் அணுகலாம் என்றார் அவர்: அமைப்பு, அதாவது யார், என்ன தகுதி, என்ன கருவி; செயல்முறை, அதாவது என்ன செய்யப்பட்டது; விளைவு, அதாவது நோயாளிக்கு என்ன ஆயிற்று. பிறகு வந்த அளவீட்டு முறைகளில் அநேகமாக எல்லாம் இந்த மூன்றில் ஒன்றின் வழியாகவே நுழைந்தன.

அவருடைய கட்டுரை மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே நடப்பதைத்தான் முதன்மையாக எடுத்துக்கொண்டது என்பதைப் பின்வந்தவர்கள் அடிக்கடி மறந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் மூன்று கதவும் இடறுகின்றன. அமைப்பு என்றால் செங்குத்தான மாடிப்படியும் வழுக்கும் குளியலறைத் தரையும் மின்வெட்டும் அதில் அடங்கும். அவற்றுக்கு எந்த நிறுவனமும் பொறுப்பில்லை. செயல்முறை என்றால் பார்க்கச் சக ஊழியர் இல்லை. செய்தவரே எழுதிய குறிப்புத்தான் சாட்சி. விளைவு என்றால், பராமரிக்கப்படுபவர்களில் பலர் எவ்வளவு நன்றாகக் கவனித்தாலும் தளரப் போகிறவர்கள். நல்ல பராமரிப்பின் பலன் அங்கே மெதுவான தளர்ச்சியாகவே தெரியும். அதைக் கண்டுபிடிக்க, பராமரிப்பு கிடைக்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

உரிமமும் தரச்சொல்லும்

அமைப்பின் வழியே போன நாடுகளில் இங்கிலாந்து முக்கியமானது. 2009இல் செயல்படத் தொடங்கிய பராமரிப்புத் தர ஆணையம், வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களையும் பதிவு செய்து ஆய்வு நடத்துகிறது. பாதுகாப்பானதா, பலனளிக்கிறதா, பரிவுள்ளதா, தேவைக்கு ஏற்ப நடக்கிறதா, நல்ல தலைமை உள்ளதா என்ற ஐந்து கேள்விகள். 2014 முதல் ‘மிகச் சிறப்பு’ முதல் ‘போதாது’ வரை நான்கு தரச்சொற்கள். கேள்விகளில் குறை காண்பது கடினம். பதில் தேடும் இடம்தான் பிரச்சினை. ஆய்வாளர் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனால் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்துக்குப் போனால் அவர் பார்ப்பது பெரும்பாலும் ஓர் அலுவலகத்தையும் கோப்புகளையும்தான். தொலைபேசியில் சிலரிடம் பேசுவார். சில வீடுகளுக்கு, அவர்கள் சம்மதித்தால், போவார்.

2024இல் பென்னி டாஷ் தலைமையில் நடந்த மதிப்பாய்வு, அந்த ஆணையத்தின் செயல்பாட்டிலேயே பெரிய குறைகளைச் சுட்டிக்காட்டியது: ஆய்வுகள் குறைந்திருந்தன, பல நிறுவனங்களின் தரச்சொற்கள் பல ஆண்டு பழையவை, சில நிறுவனங்களுக்குத் தரச்சொல்லே இல்லை. பெற்றோருக்கு ஆள் தேடும் மகள் இணையத்தில் பார்க்கும் ‘நன்று’ எப்போதைய ‘நன்று’ என்ற கேள்வி அதனால் எழுந்தது.

ஜெர்மனியின் அனுபவம் வேறு வகையில் பாடம். 2009இல் அங்கே பராமரிப்பு நிறுவனங்களுக்குப் பள்ளிக்கூட மதிப்பெண் போல ஒன்று முதல் ஐந்து வரை தரம் வழங்கத் தொடங்கினார்கள். ஒன்றுதான் மிக உயர்ந்தது. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான நிறுவனங்கள் ஒன்றை ஒட்டிக் குவிந்துவிட்டன. ஆவணங்களைக் கச்சிதமாக வைத்திருந்தால், படுக்கைப்புண் தடுப்பில் கோட்டைவிட்டதையும் சராசரியில் ஈடுகட்டிவிட முடிந்தது. எல்லோரும் முதல் வகுப்பு என்றால் தேர்வு எதற்கு என்ற விமர்சனம் வலுத்து, முதியோர் இல்லங்களுக்கு 2019இல் அந்த முறை மாற்றப்பட்டது.

மேம்பாட்டை எண்ணும் முயற்சி

விளைவை நேரடியாக எண்ணும் மிகப் பெரிய முயற்சி அமெரிக்காவினுடையது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஷாக்னசி குழுவினர் உருவாக்கிய ‘ஒயாசிஸ்’ என்ற மதிப்பீட்டுத் தொகுப்பை 1999இல், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் கட்டாயமாக்கியது. சேவை தொடங்கும்போதும் முடியும்போதும் செவிலியர் நோயாளியின் நிலையை எண்களாகப் பதிவார்: நடக்கிறாரா, தானே குளிக்கிறாரா, மூச்சுத் திணறல் எவ்வளவு, மாத்திரையைத் தானே எடுத்துக்கொள்கிறாரா. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நிறுவனத்தின் கணக்கில் ஏறும். 2003 முதல் இந்த எண்கள் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன, 2015இல் நட்சத்திரங்களாயின. 2016இல் ஒன்பது மாநிலங்களில், நிறுவனங்களுக்குத் தரும் பணத்தையே இவற்றோடு இணைக்கும் சோதனை தொடங்கியது. அந்தச் சோதனையில் தர மதிப்பெண் சராசரியாக 4.6 சதவீதம் உயர்ந்ததாகவும், மெடிக்கேருக்கு ஆண்டுக்குச் சுமார் 14.1 கோடி டாலர் மிச்சமானதாகவும் அரசுத் தரப்பு மதிப்பீடு கூறியது. 2023இல் திட்டம் நாடு முழுவதற்கும் விரிந்தது.

இவ்வளவு விரிவான முறை வேறெங்கும் இல்லை என்றே சொல்லலாம். அதன் பலவீனம் அதன் அடித்தளத்தில் இருக்கிறது: மதிப்பெண் போடுகிறவர் மதிப்பிடப்படும் நிறுவனத்தின் ஊழியர். தொடக்கத்தில் நோயாளி சற்று மோசமாகவும், முடிவில் சற்று மேலாகவும் தெரிவதற்கான தூண்டுதல் முறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. யாரும் பொய் எழுத வேண்டியதில்லை. ‘சிரமப்பட்டு நடக்கிறார்’ என்பதற்கும் ‘துணையோடு நடக்கிறார்’ என்பதற்கும் இடையே கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே போதும். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு மெடிக்கேர் பற்றி ஆலோசனை சொல்லும் ஆணையம், நிறுவனங்களே பதியும் இத்தகைய செயல்திறன் தரவுகளின் நம்பகத்தன்மை பற்றி 2019 அறிக்கையில் கவலை தெரிவித்தது. மருத்துவமனையில் மீண்டும் சேர்வது போன்ற, வேறொருவர் பதியும் நிகழ்வுகளை நம்பலாம். ஆனால் அவை அன்றாடத் துணையின் தரத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இன்னும் ஆழமான ஆட்சேபம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. ஜிம்மோ என்பவர் பெயரால் அறியப்படும் வழக்கின் 2013 உடன்பாடு, நோயாளி ‘மேம்படுவார்’ என்ற எதிர்பார்ப்பு இருந்தால்தான் மெடிக்கேர் வீட்டுச் செவிலியத்துக்குப் பணம் தரும் என்ற நடைமுறை தவறென்று தெளிவுபடுத்தியது. இருக்கும் நிலை மேலும் கெடாமல் காப்பதும், கெடுவதை மெதுவாக்குவதும் தேர்ந்த பராமரிப்புத்தான். அப்படியிருக்க, தர அளவுகோல்களில் பல இன்னும் மேம்பாட்டையே எண்ணுகின்றன. பார்கின்சன் நோயாளியை ஐந்தாண்டு விழாமல் பார்த்துக்கொண்ட நிறுவனம், மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பின் ஆறு வாரம் கவனித்த நிறுவனத்துக்குக் கீழே நிற்கக்கூடும். எண்களைச் சரிசெய்யும் புள்ளியியல் உத்திகள் இந்த இடைவெளியைக் குறைக்கின்றன. முழுதும் மூடுகின்றனவா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

நிமிடக் கணக்கு

செயல்முறையை அளப்பவர்களுக்கு நேரம் வசதியான அலகு. இங்கிலாந்தின் சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2011இல் நடத்திய விசாரணை, பதினைந்து நிமிட வருகைகளில் முதியவர்கள் குளிப்பதா சாப்பிடுவதா என்று தேர்ந்தெடுக்க நேர்ந்ததைப் பதிவு செய்தது. 2015இல் வந்த தேசிய வழிகாட்டி நெறி, விதிவிலக்கான நிலைகள் தவிர அரை மணிக்குக் குறைவான வருகை கூடாது என்றது. அமெரிக்காவில் 2016 இறுதியில் வந்த சட்டம், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் பணம் செல்லும் வீட்டுத் துணைச் சேவைகளில் யார், யாருக்கு, என்ன சேவை, எங்கே, எந்த நாளில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதை மின்னணு முறையில் சரிபார்க்கக் கட்டாயப்படுத்தியது. போலி வருகைகளைப் பிடிக்க இது உதவும். ஆனால் மாற்றுத்திறனாளர் அமைப்புகள் கேட்ட கேள்வி நியாயமானது: சக்கர நாற்காலியில் இருப்பவர் துணையாளரோடு சினிமாவுக்குப் போனால், அவரும் சேர்ந்துதானே கண்காணிக்கப்படுகிறார்?

நெதர்லாந்தில் யோஸ் டி பிளோக் தொடங்கிய ‘பியூர்ட்சோர்க்’ இதற்கு நேரெதிர்த் திசை. பத்துப் பன்னிரண்டு செவிலியர் கொண்ட சிறு குழு ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்ளும், மேலாளர் கிடையாது, நேரத்தைக் குழுவே பங்கிடும். ராத்போன் காலத்துப் பதிலின் புதிய வடிவம் என்றே இதைப் படிக்கலாம். நோயாளிகளின் திருப்தி உயர்ந்திருந்தது, செலவான மணிநேரம் குறைந்திருந்தது என்ற மதிப்பீடுகள் உலகக் கவனத்தை ஈர்த்தன. தேர்ந்த செவிலியர் போதிய அளவில் கிடைக்கும் ஒரு பணக்கார நாட்டின் முறை இது. பயிற்சியற்ற துணையாளர்களை நம்பியிருக்கும் நாடுகளில் இதே தன்னாட்சி அதே பலனைத் தருமா என்பது தனிக் கேள்வி.

ஆபத்து எங்கிருந்து வருகிறது

நோயாளிப் பாதுகாப்பு இயக்கம் மருத்துவமனையில் பிறந்தது. வீட்டைப் பற்றிய உறுதியான தரவு தாமதமாகவே கிடைத்தது. அதில் கனடாவின் ஆய்வு தனித்து நிற்கிறது. ரெஜிஸ் பிளே தலைமையில் மானிட்டோபா, கியூபெக், நோவா ஸ்கோஷியா மாகாணங்களின் நோயாளிக் கோப்புகளைப் புரட்டிய ஆய்வு 2013இல் வெளியானது. ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒருவருக்குப் பராமரிப்பு தொடர்பான தீங்கு நேர்வதாகவும், அவற்றில் 56 சதவீதம் தடுத்திருக்கக் கூடியவை என்றும் அது மதிப்பிட்டது. விழுந்து காயம், புண்ணில் தொற்று, மனநலச் சிக்கல்கள், மருந்துக் குழப்பம் ஆகியவை முன்னணியில் இருந்தன.

அந்த ஆய்வின் உண்மையான சேதி காரணங்களில் இருக்கிறது. பராமரிக்கப்படுபவரின் சொந்த முடிவோ செயலோ ஏறத்தாழ பாதி நிகழ்வுகளில் பங்களித்திருந்தது. ஊழியர்களின் பங்கும் பாதிக்குச் சற்றுக் குறைவு. குடும்பத்தினரின் பங்கு ஐந்தில் ஒன்று. ஒரே நிகழ்வில் பலரின் பங்கு கலந்திருக்கலாம். எந்த நிறுவனத்தை ஆய்வு செய்தாலும், எத்தனை நட்சத்திரம் கொடுத்தாலும், ஆபத்தின் பெரும்பகுதி அந்த நிறுவனத்தின் எல்லைக்கு வெளியே உருவாகிறது என்றே இது காட்டுகிறது. ஆகவே மதிப்பிட வேண்டிய அலகு நோயாளி, குடும்பம், வந்துபோகும் ஊழியர், அந்த வீடு ஆகிய நான்கும் சேர்ந்த ஏற்பாடு என்ற கருத்து வலுப்பெற்றது. இக்கட்டுரைக்கும் அதுவே ஏற்புடைய நிலை. அதை நடைமுறையில் எப்படி அளப்பது என்பதற்கு நம்பத்தக்க கருவி இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இங்கே பாதுகாப்பும் விருப்பமும் மோதுகின்றன. அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களைப் பற்றி 1972இல் எழுதிய ராபர்ட் பெர்ஸ்கி, ஆபத்தை ஏற்கும் உரிமையும் மனித கண்ணியத்தின் பகுதி என்று வாதிட்டார். எண்பது வயதுக்காரர் கைத்தடி வேண்டாம் என்கிறார். நீரிழிவு இருந்தும் தினம் ஒரு கரண்டி பாயசம் கேட்கிறார். அவரைக் கட்டிலோடு வைத்துவிட்டால் விழுதல் எண்ணிக்கை பூஜ்யமாகும். அந்தப் பூஜ்யத்தைத் தரம் என்று பதிவதா? ஊழியரின் பாதுகாப்பும் இதே கணக்கில் சேர வேண்டியது. இந்தியாவில் 2013இன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கருதுகிறது. தர அளவுகோல்கள் அந்த அளவுக்குக்கூட வரவில்லை.

பராமரிக்கப்படுபவரையே கேட்டுவிடலாமே என்பது இயல்பான யோசனை. அமெரிக்காவில் 2012 முதல் அத்தகைய கருத்தறிதலின் முடிவுகள் வெளியாகின்றன. ஆனால் மறதிநோய் உள்ளவர் பதிலளிப்பது அரிது; அவருக்காக மகன் எழுதும் பதில் மகனுடைய நிம்மதியையே அளக்கலாம். நாளையும் அதே ஆள்தான் குளிப்பாட்ட வர வேண்டும் என்றிருப்பவர் குறை சொல்லத் தயங்குவார்.

கேரளமும் தமிழகமும்

மக்கள்தொகைக் கணிப்பின்படி 2021இல் தமிழகத்தில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம். கேரளத்துக்கு அடுத்து மிக வேகமாக மூப்படையும் பெரிய மாநிலங்களில் ஒன்று இது. இரண்டு மாநிலங்களும் வீட்டுக்குப் போகும் சேவையை இரண்டு விதமாக வளர்த்தன.

கோழிக்கோட்டில் 1993இல் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் தொடங்கிய வலிநிவாரணப் பணி, மலப்புரத்தில் அண்டைவீட்டுத் தன்னார்வலர் வலைப்பின்னலாக விரிந்தது. 2008இல் மாநிலமே அதற்கென்று கொள்கை வகுத்து, உள்ளாட்சிகள் வழியே வீட்டுப் பராமரிப்பைக் கொண்டுபோயிற்று. அங்கே தரத்தின் காவலர் ஊர்க்காரர்தான்: செவிலியர் வந்தாரா என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் எத்தனை வீட்டை எட்டினோம் என்பதில் இருந்த அக்கறை, போய் என்ன செய்தோம் என்பதில் சம அளவில் இருந்ததா என்ற விமர்சனம் உண்டு. மார்ஃபின் எழுதக்கூடிய மருத்துவர் குழுவில் இல்லையென்றால், எவ்வளவு அன்பான வருகையும் புற்றுநோய் வலியைக் குறைக்காது. ராஜகோபாலும் பிறரும் உருவாக்கிய குறைந்தபட்சத் தரக் கருவி, இன்றியமையாதது எது, விரும்பத்தக்கது எது என்று பிரித்தது இந்தக் கவலைக்கான பதில்களில் ஒன்று. அதைப் பயன்படுத்துவது பெரும்பாலும் சுய மதிப்பீடாகவே இருக்கிறது. ஒயாசிஸின் குறை இங்கேயும் நிழலாடுகிறது.

தமிழகத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மருந்துகளை மகளிர் தன்னார்வலர்கள் வீட்டில் கொடுப்பது, வலிநிவாரணச் செவிலியர், இயன்முறை மருத்துவர் வருகை, சிறுநீரக நோயாளிகளுக்கு வயிற்றுவழி டயாலிசிஸ் பைகள் என்று அதன் பரப்பு பெரிது. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. அரசு அறிவிப்புகளில் முன்னுக்கு நிற்பது ஒரு கோடியாவது, இரண்டு கோடியாவது பயனாளி என்ற எண்ணிக்கை. அதைவிட முக்கியமான எண் வேறிடத்தில் இருக்கிறது. தொற்றா நோய்களைக் கணக்கெடுக்கும் ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வின் 2020 மாநிலச் சுற்றில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும், சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதத்தினருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. பின்னர் நடந்த இரண்டாம் சுற்றில் இரண்டும் 17 சதவீதத்தை ஒட்டி வந்தன. சேவை கொடுப்பவர் எழுதாத, சுயேச்சையான கணக்கு என்பதே இதன் வலிமை. எனினும் இடையில் கொரோனாக்காலமும் வந்துபோனது. உயர்வு முழுவதையும் இத்திட்டத்தின் கணக்கில் வரவுவைப்பது அவசரம். ஆறில் ஐந்து பேருக்கு நோய் இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்பதும் அதே எண்தான்.

இவ்விரண்டுக்கும் வெளியே, நகரங்களில் பெருகிவிட்ட ‘ஹோம் நர்ஸ்’ ஏஜென்சிகளின் உலகம் அளவீடே இல்லாதது. பன்னிரண்டு மணி நேரமோ இருபத்துநான்கு மணி நேரமோ வீட்டில் தங்கும் பெண் பயிற்சி பெற்ற செவிலியரா, சில வாரப் பயிற்சி பெற்ற உதவியாளரா, இரண்டும் இல்லாதவரா என்பது குடும்பத்துக்குப் பல நேரம் தெரியாது. ஏஜென்சி ஆளைச் சேர்த்துவைப்பதோடு தன் பொறுப்பு முடிந்தது என்கிறது. தமிழகத்தின் 1997 மருத்துவ நிறுவனங்கள் சட்டமும் 2018 விதிகளும் மருத்துவமனை, கிளினிக் போன்ற இடங்களை மையமாக வைத்தவை. வீடு வீடாகப் போகும் சேவை அந்த வார்ப்பில் எளிதாக உட்காராது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துக்கான 2019 திருத்த மசோதா, வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சிகளைப் பதிவு செய்யவும் குறைந்தபட்சத் தரம் வகுக்கவும் முன்மொழிந்தது. சட்டமாகாமலேயே மக்களவையின் காலத்தோடு அது காலாவதியானது.

தீராத கேள்விகள்

எந்த அளவுகோலும் இல்லாத இடத்தில், குறையுள்ள அளவுகோலைக் கொண்டுவருவது நல்லதா? சான்றுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. ஜெர்மனியின் மதிப்பெண்கள் போலி நிம்மதி தந்தன. ஆனால் அந்த ஆய்வுகள் இல்லாவிட்டால் படுக்கைப்புண் ஒரு பொதுப் பிரச்சினையாகப் பேசப்பட்டிருக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. பதிவும் ஆள் அடையாளமும் தகுதி பற்றிய வெளிப்படைத்தன்மையும் புகார் செய்ய ஓர் இடமும் போன்ற அடிப்படைகளை, விளைவு மதிப்பெண்களுக்கு முன்னால் வைக்கலாம் என்பதற்குத் தமிழகச் சூழலில் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. கடுமையான பதிவு முறை, சிறு ஏஜென்சிகளை மூடவைத்து, ஆட்களைக் கண்ணுக்கே தெரியாத நேரடி ஏற்பாடுகளுக்குள் தள்ளிவிடும் அபாயமும் மறுக்க முடியாதது.

ஊழியரின் ஊதியம், ஓய்வு, ஒரே வீட்டில் எத்தனை மாதம் நீடிக்கிறார் என்பவற்றையே தரத்தின் அளவாக எடுத்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு தரப்பு. வீட்டுப் பணியாளர் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011 உடன்படிக்கையை இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை என்ற பின்னணியில் இந்த வாதத்துக்குக் கூடுதல் கனம் உண்டு. நீண்டகாலம் ஒரே ஆள் கவனிப்பது நல்ல பராமரிப்போடு சேர்ந்தே வருவதாகப் பலரும் கருதுகிறார்கள். நல்ல வீட்டில்தான் ஆள் நீடிக்கிறார் என்பதா, ஆள் நீடிப்பதால்தான் பராமரிப்பு நன்றாகிறதா என்பது இன்னும் பிரித்தறியப்படவில்லை.

குடும்பத்தின் இடம்தான் எல்லாவற்றிலும் கடினம். இரவு இரண்டு மணிக்கு மாமனாரைப் புரட்டிப் படுக்கவைக்கும் மருமகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கனடா ஆய்வு சொல்வதுபோல் தீங்கின் ஒரு பங்கு குடும்பத்தின் பக்கம் நேர்கிறது என்றால், தடுப்பின் பெரும்பங்கும் அங்கேதான் நடக்கிறது என்று ஊகிக்க இடமுண்டு. அந்த மருமகளின் வேலையையும் மதிப்பீட்டுக்குள் கொண்டுவந்தால் அது அவருக்கு உதவியாக மாறுமா, இன்னொரு தேர்வாக மாறுமா என்பதற்கு இதுவரை எந்த நாடும் திருப்தியான பதில் தரவில்லை.